ஊர் நினைப்பை விற்ற விளம்பரங்கள்: இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்காவிலிருந்து ஓர் அறிமுகம்

1942 நவம்பரில் 'நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூன்' நாளிதழில் ஒரு ரயில்வே கம்பெனியின் விளம்பரம் வந்தது. கம்பெனியின் பெயர் நியூ ஹேவன் ரயில்ரோடு. நியூயார்க்கிலிருந்து பாஸ்டன் வரைக்கும் போகிற பாதை அவர்களுடையது. விளம்பரத்தில் டிக்கெட் விலை இல்லை, நேர அட்டவணை இல்லை, 'எங்கள் ரயிலில் வாருங்கள்' என்ற அழைப்பும் இல்லை. படைவீரர்களை ஏற்றிச் செல்லும் ரயில் ஒன்றின் உட்புறம் மட்டும் படமாக இருந்தது. நடுராத்திரி. கீழ் பெர்த்தில் இரண்டு பேர் ஒண்டிப் படுத்துத் தூங்குகிறார்கள். அப்பர் பெர்த்தில் ஒரு பையன் மட்டும் தூங்காமல், தலைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி படுத்திருக்கிறான்.

படத்துக்குக் கீழே நீளமாக ஒரு உரைநடை. அது நேரத்தைச் சொல்லித் தொடங்குகிறது: அதிகாலை 3.42. எல்லாரும் போர்வைக்குள் மூச்சு வாங்கித் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். இது சாதாரணப் பயணம் இல்லை; போர் முடியும்வரை இவர்கள் தாய்நாட்டில் செய்கிற கடைசிப் பயணமாக இருக்கலாம். நாளைக்கு இவர்கள் கடலில் இருப்பார்கள். அப்புறம் அந்தப் பையன் எதையெல்லாம் விட்டுவிட்டுப் போகிறான் என்று ஒவ்வொன்றாக வருகிறது. ஹாம்பர்கரின் ருசி, சோடா, அகலமான நெடுஞ்சாலையில் கார் ஓட்டுகிற சுகம், அவனுடைய நாய், அடிக்கடி கடிதம் போடுகிற பெண், ஸ்டேஷனில் பெருமையும் தடுமாற்றமுமாக நின்ற நரைத்த தலை அப்பா, அவனுக்காகக் காலுறை பின்னிக் கொடுத்த அம்மா. அவனுக்குத் தொண்டை அடைக்கிறது. கண்ணில் நீர் கூடத் திரண்டிருக்கலாம். பரவாயில்லை தம்பி, இருட்டாக இருக்கிறது, யாரும் பார்க்கமாட்டார்கள் என்று விளம்பரமே அவனைத் தேற்றுகிறது.

கடைசிப் பகுதியில்தான் கம்பெனி தன் காரியத்துக்கு வருகிறது. அடுத்த முறை நீங்கள் ரயிலில் நின்றுகொண்டே போக நேர்ந்தால், அவன் உட்கார்வதற்காகத்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பெர்த் கிடைக்கவில்லையென்றால் அவன் தூங்குவதற்காக. சாப்பாட்டுப் பெட்டியில் காத்திருக்க வேண்டியிருந்தால் அவன் ஒரு வேளை நல்ல சாப்பாடு சாப்பிடுவதற்காக.

இதை எழுதியவர் நெல்சன் மெட்காஃப் என்ற இளம் விளம்பர எழுத்தாளர். அவர் முன்னால் இருந்த பிரச்சினை ரொம்பச் சாதாரணமானது. போர் தொடங்கியதிலிருந்து ரயில்களில் கூட்டம் தாங்கவில்லை. வண்டிகள் தாமதமாக வந்தன, உட்கார இடமில்லை, பயணிகள் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகார்களை அடக்க வேண்டும். மெட்காஃப் எழுதியதைப் படித்த பிறகு புகார் சொல்லக் கூச்சப்படாதவர் யார்? ஒரு வட்டாரத்து ரயில் கம்பெனியின் விளம்பரம் நாடு முழுக்கப் பரவியது. பெரிய வார இதழ்கள் அதை மறுபடி வெளியிட்டன, வானொலியில் வாசித்தார்கள், போர்ச் செலவுக்காக அரசாங்கம் மக்களிடம் கடன் வாங்கிய போர்ப் பத்திரங்களை விற்பதற்கும் பயன்படுத்தினார்கள்.

நாம் இங்கே புரிந்துகொள்ளப் போகிற விஷயம் முழுவதும் இந்த ஒரு விளம்பரத்துக்குள் இருக்கிறது. ஊரைவிட்டுப் போன வீரனின் வீட்டு நினைப்பை எடுத்து, அதை வேறொருவர் மனத்தில் வேலை செய்ய வைப்பது. இந்த விளம்பரம் எழுதப்பட்டது அந்தப் பையனுக்காக அல்ல. காலையில் பேப்பர் படிக்கிற, ஆபீசுக்கு ரயிலில் போகிற பொதுமக்களுக்காக. போர்க்கால விளம்பரங்களைப் பற்றி முதல்முறையாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் இதைத் தவறவிடுவதுண்டு. வீரனின் ஏக்கத்தைக் காட்டி வீரனிடமே சரக்கு விற்றார்கள் என்று நினைத்துவிடுகிறோம். சில பொருள்களில் அப்படியும் நடந்தது. ஆனால் பெரும்பாலும் படத்தில் இருந்தவன் வீரன். பர்ஸைத் திறக்க வேண்டியவர்கள் அவன் அம்மாவும் மனைவியும் காதலியும்.

சரி, போர்க்காலத்தில் ஏன் விளம்பரம் செய்ய வேண்டும்? கடையில் சரக்கே இல்லையே என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 1942 பிப்ரவரியோடு பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றுபோனது. அதே ஆண்டில் ரேடியோப் பெட்டியும் குளிர்சாதனப் பெட்டியும் நின்றன. தொழிற்சாலைகள் பீரங்கி வண்டியும் விமான உதிரி பாகமும் செய்துகொண்டிருந்தன. சர்க்கரை, காப்பி, இறைச்சி, ரப்பர் டயர், பெட்ரோல் எல்லாம் ரேஷன். இருந்தும் பத்திரிகைகளில் விளம்பரம் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

இதற்கு ஒரு காரணம் வரி. போரால் கிடைக்கும் மிதமிஞ்சிய லாபத்துக்கு அரசாங்கம் கடுமையான வரி போட்டது. 1942-ல் அது 90 சதவீதம், பிறகு 95. அதே சமயம், நியாயமான அளவில் செய்யும் விளம்பரச் செலவைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றும் அனுமதித்தது. அந்த வரி வரம்புக்குள் வந்த கம்பெனி ஒரு டாலரை லாபமாக வைத்திருந்தால் அதில் 90 சென்ட் அரசாங்கத்துக்குப் போகும். விளம்பரத்தில் போட்டால் முழு டாலருக்கும் தன் பெயர் பத்திரிகையில் வரும். அதாவது பத்து சென்ட் கைக்காசில் ஒரு டாலர் விளம்பரம். இதைக் கணக்குப் பிள்ளை சொல்லித்தான் முதலாளிக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

இன்னொரு காரணம் பயம். நான்கு வருஷம் கண்ணில் படாத பிராண்டை மக்கள் மறந்துவிடுவார்கள். போர் முடிந்து கடை திறக்கும்போது வேறு யாரோ முந்திக்கொள்வார்கள். ஆகவே பொருள் இல்லாவிட்டாலும் பெயர் இருக்க வேண்டும். அரசாங்கத்துக்கும் விளம்பரத் துறை தேவைப்பட்டது. 1942 தொடக்கத்தில் விளம்பரத் துறையினர் ஒரு கூட்டமைப்பை உருவாக்கினார்கள். அது அடுத்த ஆண்டு போர் விளம்பரக் கவுன்சில் என்று பெயர் மாற்றிக்கொண்டது. போர்ப் பத்திரம் வாங்குங்கள், கொழுப்பையும் பழைய இரும்பையும் சேமித்துக் கொடுங்கள், போர் ரகசியம் கசியாமல் வாயை அடக்குங்கள் என்ற செய்திகளையெல்லாம் தனியார் விளம்பரங்களுக்குள் சேர்க்கச் சொன்னது அதுதான். விற்பதற்குப் பொருள் இல்லாத, ஆனால் பக்கத்தை நிரப்பியே ஆகவேண்டிய விளம்பரக்காரர் எதைத்தான் பேசுவார்? பல கம்பெனிகள் தங்கள் இயந்திரம்தான் போரில் ஜெயிக்கிறது என்று மார்தட்டின. அது சீக்கிரமே சலித்துவிட்டது. அதிலும் போர்முனையில் இருந்தவர்களுக்கு எரிச்சலாக இருந்தது. அதைவிடப் பாதுகாப்பாகவும் ஆழமாகவும் கையில் கிடைத்தது, ஒரு கோடியே அறுபது லட்சம் பேர் சீருடை அணிந்த நாட்டில் ஏறத்தாழ எல்லா வீட்டிலும் இருந்த பிரிவு.

பிரிவை வியாபாரம் கண்டுகொண்டது 1942-ல்தான் என்று இல்லை. முதல் உலகப் போரின்போதே கோடக் கம்பெனி பாக்கெட்டில் வைக்கிற சின்ன கேமராவைப் படைவீரனின் கேமரா என்று விற்றது; முகாமில் இருக்கும் பையனுக்கு வீட்டுப் படங்களை எடுத்து அனுப்புங்கள் என்று குடும்பங்களிடம் கேட்டது. பிரிட்டனில் டெக்கா என்ற பெயரில் தூக்கிச் செல்லக்கூடிய கிராமபோன் 1914-ல் வந்து பதுங்குகுழி வரைக்கும் போனது.

அதற்கும் முன்னால் போனால் படம் இன்னும் வேறாக இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1860-களில், வடக்குப் படையின் மருத்துவர்கள் வீட்டு ஏக்கத்தை ஒரு நோயாகவே பதிவேட்டில் எழுதினார்கள். 5,000-க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு அந்த நோய் என்று எழுதப்பட்டது. அதிலேயே இறந்தவர்கள் என்றும் சிலர் பதிவானார்கள். வீரனுக்கு வீடு ஞாபகம் வரக்கூடாது என்பதுதான் அன்றைய படைத்தலைமையின் கவலை. எண்பது வருஷம் கழித்து அதே ஞாபகத்தைப் பெரிய பெரிய நிறுவனங்கள் பணம் செலவழித்துத் தூண்டின. இந்த மாற்றம் எப்படி வந்தது என்று யோசித்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: ஏக்கம் எதை நோக்கியது என்பதை மாற்றிவிட்டார்கள். அம்மாவுக்காக அழுகிறவன் போரை விட்டுத் திரும்பி வர நினைப்பான். அம்மா செய்கிற ஆப்பிள் பை என்ற பழப் பலகாரத்துக்காகப் போராடுகிறவன் போரை முடித்துவிட்டு வர நினைப்பான். ஏக்கம் அதேதான், ஆனால் அது இப்போது போருக்கு எதிராக இல்லை, போருக்கு ஒரு காரணமாக நிற்கிறது.

இதைப் படைவீரர்கள் வாயாலேயே கேட்ட சம்பவம் ஒன்று உண்டு. 1942-ல் பசிபிக்கில் குவாடல்கனால் தீவில் ஜான் ஹெர்சி என்ற நிருபர் மரைன் வீரர்களிடம், நீங்கள் எதற்காகச் சண்டை போடுகிறீர்கள் என்று கேட்டார். நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவன் சொன்ன பதில், ஒரு துண்டு புளூபெரி பை கிடைத்தால் எதையும் கொடுப்பேன் என்பது. ஹெர்சி அதைச் சரியாகவே புரிந்துகொண்டார். அவர்கள் சண்டை போடுவது பைக்காக அல்ல, வீட்டுக்குப் போவதற்காக, பை என்பது வீடு. ஆனால் விளம்பரக்காரர்களுக்கு அந்த இரண்டாவது பாதி தேவைப்படவில்லை. வீடு என்பது பெரியது, தெளிவில்லாதது, விற்க முடியாதது. பை சின்னது, உருவமுள்ளது, அதன் பக்கத்தில் ஒரு பாட்டிலையோ டப்பாவையோ வைத்துவிடலாம்.

பீர் தயாரிப்பாளர்கள் சங்கம் நடத்திய விளம்பர வரிசையில் இதை அப்பட்டமாகப் பார்க்கலாம். மன உறுதி என்பது நிறையச் சின்னச் சின்ன விஷயங்கள்தான் என்பது அதன் தலைப்பு. வீட்டிலிருந்து வரும் கடிதம், பழகிய ருசிகள், சின்னச் சின்ன சுகங்கள் என்று பட்டியல் நகர்ந்து கடைசியில் ஒரு கிளாஸ் பீரில் வந்து நிற்கும். அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கி அப்போது பத்து வருஷம்கூட ஆகவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் உலகப் போரின்போது தானியத்தை வீணாக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டுதான் மதுவிலக்குக்கு வழி செய்த காரணங்களில் ஒன்று. மறுபடியும் அப்படி நடந்துவிடுமோ என்று பயந்த ஒரு தொழில், பீரை அம்மாவின் கடிதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தது. சின்னச் சின்னச் சுகங்களில் ஒன்று என்று ஆகிவிட்டால் அதைத் தடை செய்ய யார் துணிவார்கள்?

கோக-கோலா இதில் தனிக் கதை, ஏனென்றால் அவர்கள் ஏக்கத்தைப் படமாகப் போட்டதோடு நிற்கவில்லை, பொருளையே போர்முனைக்குக் கொண்டுபோனார்கள். அமெரிக்கா போரில் இறங்கியதும் கம்பெனித் தலைவர் ராபர்ட் உட்ரஃப், சீருடையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அவர் எங்கே இருந்தாலும் ஒரு பாட்டில் ஐந்து சென்டுக்குக் கிடைக்க வேண்டும், கம்பெனிக்கு என்ன செலவானாலும் சரி என்று உத்தரவிட்டார். தேசபக்தியும் வியாபாரமும் இந்த முடிவில் பிரிக்க முடியாமல் கலந்திருந்தன. சர்க்கரை ரேஷனில் இருந்த காலத்தில் படைகளுக்கு விற்கும் கோலாவுக்கு அந்தக் கட்டுப்பாடு பொருந்தவில்லை. போட்டிக் கம்பெனிகள் சர்க்கரைக்குத் திண்டாடிக்கொண்டிருந்தன.

1943 ஜூன் 29-ம் தேதி வட ஆப்பிரிக்காவில் இருந்த நேச நாட்டுத் தலைமையகத்திலிருந்து, ஜெனரல் ஐசனோவரின் பெயரில் ஒரு தந்தி வந்தது. 30 லட்சம் நிரப்பிய பாட்டில்கள் வேண்டும். மாதம் இரண்டு முறை அதே அளவு தயாரிக்கப் பத்து ஆலைகளுக்கான இயந்திரங்களும் வேண்டும். முதல் ஆலை அல்ஜியர்ஸில் வந்தது. போர் முடிவதற்குள் வெளிநாடுகளில் 64 ஆலைகள் அமைக்கப்பட்டன. அவற்றை நிறுவப் போன கம்பெனி ஆட்களுக்கு ராணுவம் தொழில்நுட்பப் பார்வையாளர் என்று பெயர் கொடுத்துச் சீருடையும் கொடுத்தது. வீரர்கள் அவர்களைக் கோக-கோலா கர்னல்கள் என்று கூப்பிட்டார்கள். போர்க்காலத்தில் படையினர் குடித்தது 500 கோடி பாட்டில்களுக்கும் மேல் என்பது கம்பெனியின் கணக்கு.

அதே சமயத்தில் ஊரில் வந்த விளம்பரங்களைப் பாருங்கள். 1943 முதல் 1945 வரை வந்த ஒரு வரிசையில் ஒவ்வொரு விளம்பரத்திலும் ஒரு புதிய இடம்: நியூசிலாந்து, அலாஸ்கா, பிலிப்பைன்ஸின் லேட்டே தீவு. எங்கே பார்த்தாலும் அமெரிக்க வீரர்கள் சிரித்தபடி உள்ளூர்க்காரர்களோடு நின்று பாட்டிலை நீட்டுகிறார்கள். குண்டு இல்லை, சேறு இல்லை, காயம் இல்லை. படிக்கிற அம்மாவுக்கு அது சொல்லும் செய்தி என்ன? உன் பையன் பத்தாயிரம் மைல் தள்ளி இருக்கலாம், ஆனால் நம் தெருமுனைக் கடையில் குடித்த அதே பாட்டில் அவன் கையில் இருக்கிறது, ஆகவே அவன் முழுக்கத் தொலைந்துபோகவில்லை. இது அந்த அம்மாவுக்கு உண்மையிலேயே ஆறுதலாகத்தான் இருந்திருக்கும். அந்த ஆறுதலைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதே படம் அவளிடமிருந்து ஒன்றை மறைக்கவும் செய்தது. அவன் எங்கே இருக்கிறான், எப்படி இருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டிய எதுவும் அந்தப் படத்தில் இல்லை.

பெப்சி வேறு வழியைப் பிடித்தது. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் படைவீரர்களுக்கென்று ஒரு பெரிய ஓய்வு மையம் திறந்தது. வேறு நகரங்களிலும் திறந்தது. விடுமுறையில் வரும் வீரன் அங்கே போய் ஒலிப்பதிவுக் கருவி முன்னால் நின்று வீட்டுக்குச் சில வார்த்தை பேசலாம். அதைச் சின்ன இசைத்தட்டாகப் பதிந்து உறையில் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காசு கிடையாது. வீட்டில் அம்மா அதைக் கிராமபோனில் வைத்தால், இரைச்சலுக்கு நடுவே மகன் குரல் கேட்கும். தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளில், உங்கள் வீட்டு வீரனின் குரல் என்ற வாசகத்தோடு பெப்சி-கோலா என்று இருக்கும். இப்படிப்பட்ட தட்டுகளைப் பல குடும்பங்கள் பத்திரமாக வைத்திருந்தன. அவற்றில் சில இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. சில வீடுகளுக்கு அதுவே அவன் குரலின் கடைசிப் பதிவாக இருந்திருக்கும்.

இதை விளம்பரம் என்று சொல்வதா, உதவி என்று சொல்வதா? இரண்டும்தான். இந்த விஷயத்தைப் புதிதாகப் படிக்கிறவர்கள் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது இந்த இரட்டைத்தன்மைதான். பெப்சி செய்தது நல்ல காரியம். அந்த நல்ல காரியம் ஒரு தாயின் மிக அந்தரங்கமான நிமிஷத்துக்குள் ஒரு பிராண்டின் பெயரைக் கொண்டுபோய் வைத்தது. எந்த முழுப்பக்க விளம்பரமும் அங்கே நுழைந்திருக்க முடியாது.

பெல் தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரம் இதைவிட நேர்மையானது என்று எனக்குத் தோன்றுகிறது. வெளியூர்த் தொலைபேசி இணைப்புகள் போதவில்லை. முகாமில் இருக்கும் பையன்களுக்கு வீட்டோடு பேச ராத்திரிதான் நேரம். ஆகவே இரவு 7 முதல் 10 மணிவரை நீங்கள் வெளியூர் அழைப்பு போடாதீர்கள், அந்த நேரத்தைப் படைவீரர்களுக்கு விட்டுக்கொடுங்கள் என்று கேட்டார்கள். வீட்டு நினைப்பைக் காட்டித்தான் இதையும் கேட்டார்கள். ஆனால் கேட்டது எதுவோ அது நேராக அந்தப் பையனுக்கே போய்ச் சேர்ந்தது.

பொருளே இல்லாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு ஒனைடா கம்பெனி நல்ல உதாரணம். வெள்ளி முலாம் பூசிய கரண்டி, முள்கரண்டி, கத்தி செய்கிறவர்கள். போரில் அவர்கள் ஆலை ராணுவப் பொருள்கள் செய்யப் போய்விட்டது, கரண்டி கிடையாது. 1943-லிருந்து அவர்கள் ஜான் விட்காம் என்ற ஓவியரை வைத்து ஒரு வரிசை வெளியிட்டார்கள். ஒவ்வொரு படத்திலும் சீருடையில் ஒருவன், ஒரு பெண், பிரிந்திருந்து சேர்ந்தவர்களின் இறுக்கமான அணைப்பு. இனிமேல் அவன் வீட்டோடுதான், திரும்பிப் போகப் போவதில்லை என்பது தலைப்பின் பொருள். கரண்டி ஓரத்தில் எங்கேயோ சின்னதாக இருக்கும். இளம் பெண்கள் அந்தப் படங்களின் பிரதி கேட்டுக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்கள். அறைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டார்கள். தங்களுக்கு இன்னும் நடக்காத ஒன்றின் படத்தை தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு வெள்ளிக் கரண்டி வாங்குவது அந்தக் காலத்து அமெரிக்க வழக்கம். ஆகவே கம்பெனி விற்றது கரண்டியை அல்ல, கரண்டி வாங்கப்போகும் நாளை. அந்த நாள் வரும்போது எந்தப் பெயர் மனதில் இருக்கும் என்பது அதற்குள் முடிவாகியிருக்கும்.

நாஷ் காரும் கெல்வினேட்டர் குளிர்சாதனப் பெட்டியும் செய்த நாஷ்-கெல்வினேட்டர் கம்பெனியும் இதே பாதையில் போனது. அப்போது அவர்கள் செய்துகொண்டிருந்தது விமானத்தின் சுழலிறகுகள். விளம்பரத்தில் வீரன் தன் குரலில் பேசுவான்: நான் திரும்பி வரும்வரை எதையும் மாற்றாதீர்கள், என் ஊர் நான் விட்டுவந்த மாதிரியே இருக்கட்டும். அந்த வேண்டுகோளைக் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். போர் முடிந்தபின் வேலை, வீடு, கூலி, சமத்துவம் என்று எதுவெல்லாம் மாற வேண்டும் என்று அப்போது அமெரிக்காவில் தீவிரமாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தன் லாபமும் தன் சுதந்திரமும் பழையபடி இருக்க வேண்டும் என்று நினைத்த தொழிலதிபர், அதை நேராகச் சொன்னால் யார் கேட்பார்? வீட்டை நினைத்து ஏங்குகிற பையன் வாயில் வைத்துச் சொன்னபோது அதை மறுத்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. கரண்டி விளம்பரம் என்னைத் தொந்தரவு செய்வதில்லை, இது செய்கிறது.

உண்மையான வீரர்கள் இவற்றைப் பார்த்தார்களா? வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு 'டைம்' போன்ற இதழ்கள் கைக்கடக்கமான சின்னப் பதிப்புகளாகப் போயின. எடையைக் குறைப்பதற்காக அவற்றில் விளம்பரங்களை எடுத்துவிட்டார்கள். ஆக, எந்தப் பையனின் ஏக்கத்தைச் சொல்லி ஊரில் பக்கம் பக்கமாக விளம்பரம் வந்ததோ, அந்தப் பையன் கைக்குப் போன இதழில் அந்தப் பக்கமே இல்லை. இது யாரை நோக்கிப் பேசிய பேச்சு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அந்தப் படங்களில் யாருடைய வீடு இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். வெள்ளை வேலி போட்ட தனி வீடு, முன்னால் மரம், மணி கட்டிய தேவாலயம், தெருமுனையில் சோடாக் கடை. அப்பாவும் அம்மாவும் காதலியும் எல்லாரும் வெள்ளையர். பத்து லட்சத்துக்கும் அதிகமான கறுப்பினத்தவர் அந்தப் படையில் இருந்தார்கள், தனிப் பிரிவுகளில், தனிச் சாப்பாட்டுக் கூடங்களில். அவர்களில் பலருக்கு வீடு என்றால் தெற்கு மாநிலத்து ஊர். அங்கே அதே சோடாக் கடையில் உட்கார்ந்து குடிக்க அவர்களுக்கு அனுமதி கிடையாது. எதையும் மாற்றாதீர்கள் என்று அவர்கள் கேட்டிருப்பார்களா? 1942 பிப்ரவரியில் 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பினத்தவர் பத்திரிகை இரட்டை வெற்றி என்ற இயக்கத்தைத் தொடங்கியது: வெளியே எதிரியின் மேல் ஒரு வெற்றி, உள்ளே இனவெறியின் மேல் ஒரு வெற்றி. அவர்களுக்கும் வீட்டு நினைப்பு இருந்தது. அவர்கள் நினைத்தது இன்னும் கட்டப்படாத ஒரு வீட்டை.

ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களின் நிலை இன்னும் கொடுமை. 442-வது படைப்பிரிவில் சேர்ந்து ஐரோப்பாவில் சண்டை போட்டவர்களில் பலருடைய அப்பா அம்மா அப்போது உள்நாட்டிலேயே முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தார்கள். மேற்குக் கரையிலிருந்து அப்படி அப்புறப்படுத்தப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,20,000 பேர். அந்த வீரனுக்குக் கடிதம் வந்த முகவரி முகாமின் முகவரி. இவர்களை வைத்து யாரும் சோடா விளம்பரம் போடவில்லை. விளம்பரம் எந்த ஏக்கத்தை எடுத்துக்கொள்ளும், எதை எடுத்துக்கொள்ளாது என்பதை இங்கே பார்க்கலாம். திருப்திப்படுத்தக்கூடிய ஏக்கம்தான் அதற்கு உதவும். ஒரு பாட்டிலோ ஒரு பெட்டியோ தீர்த்துவைக்க முடியாத ஏக்கம் அந்தப் பக்கங்களில் இடம்பெறாது.

பழைய பத்திரிகைப் பக்கம் ஒன்று இணையத்தில் கண்ணில் பட்டால், படத்தில் இருப்பவன் யார் என்று பார்த்துவிட்டு, உடனே படிப்பவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம், அவனிடம் இல்லாதவற்றின் பட்டியலில் எந்த இடத்திலிருந்து பொருள் தொடங்குகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். நாய், அம்மா, காதலி, தெரு என்று போகிற வரிசையில் கம்பெனிப் பொருள் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ சத்தமில்லாமல் சேர்ந்திருக்கும். நியூ ஹேவன் விளம்பரத்தில் அப்படி எதுவும் சேரவில்லை. அந்தக் கம்பெனி தன் பொருளைப் பட்டியலில் வைக்காமல், அதைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்று கேட்டது. அது இன்றைக்கும் படிக்கும்போது மனதைத் தொடுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1945-ல் அவர்கள் திரும்பி வந்தார்கள். வேலி போட்ட வீடு காத்திருக்கவில்லை. பொருளாதார மந்தத்தின் பத்து வருஷமும் போரும் சேர்ந்து வீடு கட்டுவதையே நிறுத்திவைத்திருந்தன. லட்சக்கணக்கான முன்னாள் வீரர்கள் மனைவி குழந்தையோடு பெற்றோர் வீட்டிலும், வாடகை அறையிலும், ராணுவம் விட்டுப்போன தகரக் கொட்டகையிலும் ஒண்டிக்கொண்டார்கள். லாஸ் ஏஞ்சலஸில் 1946-ல் ராட்ஜர் யங் கிராமம் என்ற பெயரில் அப்படிப்பட்ட 750 தகரக் கொட்டகைகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றையும் இரண்டாகத் தடுத்து, 1,500 குடும்பங்களுக்கு இடம் கொடுத்தார்கள். காருக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் பெயர் பதிந்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

1947-ல் நியூயார்க்குக்கு வெளியே லாங் ஐலண்டில் லெவிட்டவுன் எழும்ப ஆரம்பித்தது. முன்னாள் வீரர்களுக்கு முன்னுரிமை. ஒரே மாதிரி ஆயிரக்கணக்கான சின்ன வீடுகள், ஒவ்வொன்றிலும் புதுச் சமையலறை, அதில் புதுக் குளிர்சாதனப் பெட்டி. விளம்பரங்கள் வரைந்துகாட்டிய வீடு ஏறக்குறைய அப்படியே கைக்கு வந்தது. அதன் ஒப்பந்தத்தில், வெள்ளையர் அல்லாதவர்கள் இங்கே குடியிருக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. அதே போரிலிருந்து அதே கப்பல்களில் திரும்பிய கறுப்பின வீரர்கள் அங்கே வீடு கேட்டுப் போனபோது திருப்பி அனுப்பப்பட்டார்கள்.